டைமிங் ரிப்போர்ட்டில் ஸ்லாக் (மிச்சமிருக்கும் அவகாசம்) பாசிட்டிவாக இருந்தும் போர்டில் அவ்வப்போது தப்பு டேட்டா வருகிறது. கிளாக்கைக் குறைத்தால் சரியாகுமா?

செட்டப் (கிளாக் வரும் முன்பே டேட்டா வந்து நிற்க வேண்டிய நேரம்) பிரச்சினை என்றால் சரியாகும். ஹோல்ட் (கிளாக் வந்த பிறகும் டேட்டா மாறாமல் நிற்க வேண்டிய நேரம்) என்றால் 1 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் அசையாது. நீங்கள் ஏற்கெனவே குறைத்துப் பார்த்து, ஒன்றும் நடக்காமல்தான் இங்கே வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இரண்டு வாரத்தைத் தொலைத்தேன்.

100 மெகாஹெர்ட்ஸில் ஒரு எஃப்பிஜிஏ (உள்ளே சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்), டிஏசிக்கு (எண்ணை அனலாக் சிக்னலாக மாற்றும் சிப்) டேட்டா அனுப்ப வேண்டும். ஆசிலேட்டர் ஒன்றுதான். எஃப்பிஜிஏவுக்கு நேராகப் போகிறது, டிஏசிக்கு ஒரு கிளாக் பஃபர் (கிளாக்கை வாங்கி அப்படியே திருப்பி அனுப்பும் சிப்) வழியாகப் போகிறது. டைமிங் ரிப்போர்ட்டில் ஒரு சிவப்பு வரி கூட இல்லை. ஆன் செய்ததும் ஸ்கோப்பில் அழகான சைன் அலை. அரை மணி நேரம் போனதும், அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் முள் முள்ளாகக் கிளம்பும். 0111-லிருந்து 1000-க்குப் போவது போல எல்லா பிட்டும் ஒன்றாக மாறும் இடம் அது. டிஏசி என்றாலே அங்கே கொஞ்சம் கிளிட்ச் இருக்கத்தானே செய்யும் என்று மூன்று நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்புறம் கிளாக்கை 50 ஆக்கினேன், 25 ஆக்கினேன். முள் அப்படியே இருந்தது. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். செட்டப்பில், இந்த எட்ஜில் (கிளாக் மாறும் கணம்) கிளம்பிய டேட்டா அடுத்த எட்ஜுக்குள் போய்ச் சேர வேண்டும். பீரியட் நீண்டால் அவகாசம் கூடும். ஹோல்டில் இரண்டு பக்கமும் ஒரே எட்ஜ். எஃப்பிஜிஏ புது டேட்டாவை வெளியே தள்ளும் அதே எட்ஜில்தான் டிஏசி பழையதைப் பிடிக்கிறது. பிடித்து முடிக்கும் வரை பழையது கலையக் கூடாது, அவ்வளவுதான். கணக்கில் பீரியட் வரவே வராது.

கடைசியில் காட்டிக் கொடுத்தது ஃப்ரீஸ் ஸ்ப்ரே. எஃப்பிஜிஏ மேல் அடித்தேன், முள் அதிகமானது. பஃபர் மேல் அடித்தேன், சுத்தமாக நின்றது. எஃப்பிஜிஏ குளிர்ந்தால் டேட்டா இன்னும் சீக்கிரம் கலைகிறது. பஃபர் குளிர்ந்தால் கிளாக் சீக்கிரம் வந்துவிடுகிறது. பஃபரை ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம், அது சூடேறித் தாமதமாகிக்கொண்டே போயிருக்கிறது.

டேட்டாஷீட்டை மறுபடி திறந்தேன். எஃப்பிஜிஏ டேட்டாவின் குறைந்தபட்ச கிளாக்-டு-அவுட், அதாவது கிளாக் எட்ஜிலிருந்து டேட்டா மாறும் வரையான நேரம், 2.4 நானோசெகண்ட். டிஏசி கேட்கும் ஹோல்ட் 1.0. பஃபர் தாமதம் டிபிகல் 1.2, மேக்ஸ் 1.6. டூலுக்கு இந்த நேரங்களைச் சொல்லும் கன்ஸ்ட்ரெயின்ட் எழுதும்போது நான் எடுத்தது டிபிகல். பஃபர் 1.2, ஹோல்ட் 1.0 சேர்ந்து 2.2; 2.4-லிருந்து அது போனால் 0.2 மிச்சம், ரிப்போர்ட்டும் அதைத்தான் காட்டியது. மேக்ஸ் போட்டால் 2.6 வேண்டும், கையில் 2.4 தான் இருக்கிறது. டூல் பொய் சொல்லவில்லை, நான் கொடுத்த எண்ணைக் கூட்டிக் கழித்தது.

எஃப்பிஜிஏவுக்குள் டேட்டா ரெஜிஸ்டருக்குப் போகும் பிஎல்எல் (கிளாக்கை முன்பின் நகர்த்தித் தரும் சர்க்யூட்) கிளாக்கை 36 டிகிரி தாமதமாகத் தள்ளினேன். 10 நானோசெகண்ட் பீரியடில் அது 1 நானோசெகண்ட். செட்டப்பில் நிறைய இடம் இருந்ததால் அதைக் கொடுத்து இதை வாங்க முடிந்தது. பஃபரையே எடுத்துவிடலாமே என்பீர்கள். போர்டு ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது ஐயா. சிப் டிசைன்காரர்கள் கார்னர், ஓசிவி (சிப்பின் வேகம் மாறுவதைக் கணக்கில் சேர்க்கும் முறைகள்) எல்லாம் எங்கே என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். கேட்டவர் போர்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அதற்குத்தான் இந்தப் பதில். இரண்டு தனித்தனி கிளாக்குக்கு நடுவே டேட்டா போகிறதென்றால் அது வேறு கதை. அங்கே சின்க்ரனைசர் (டேட்டாவை எதிர்ப்பக்கக் கிளாக்கோடு ஒத்துப்போக வைக்கும் சர்க்யூட்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவும் செய்து நான் மாற்றியது ஒரே ஒரு வரி. அந்த வருட மதிப்பீட்டில் என் மேலாளர், ‘இந்தக் காலாண்டில் உங்கள் கோட் பங்களிப்பு குறைவு’ என்று எழுதினார். ஸ்ப்ரே டப்பாவுக்குச் செலவுக் கணக்கு கேட்டதும் அவரேதான். வரியை எண்ணிச் சம்பள உயர்வு கொடுக்கும் இடத்தில் எவன் டேட்டாஷீட்டை முழுசாகப் படிப்பான்?

சரி, அது என் புலம்பல். உங்கள் கன்ஸ்ட்ரெயின்டில் உள்ள அவுட்புட் டிலே மின், மேக்ஸ் இரண்டு வரியையும் இங்கே போடுங்கள். எந்தச் சிப்பின் எந்த எண்ணை வைத்துப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்து.