புது வெள்ள வரைபடம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டெக்சாஸில் ஓடையோரம் வீடு வாங்கியிருக்கிறோம். மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடம் இருக்கும்போது, அதைத் திருத்த எங்கள் நகராட்சி ஏன் பொறியியல் கன்சல்டன்ட்டுகளுக்குப் பணம் கொடுக்கிறது?

பதில்: பல ஊர்களின் வரைபடம் 1960, 70களில் தயாரான மழைக் கணக்கின் மேல் நிற்கிறது. 2018இல் நோவா என்ற மத்திய அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பு டெக்சாஸின் மழைக் கணக்கைப் புதுப்பித்தது. ‘நூறாண்டு மழை’ என்பது எந்த ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள மழை. ஒரே நாளில் பெய்யும் அந்த மழையின் அளவு ஹூஸ்டன் பக்கம் 13 அங்குலத்திலிருந்து 18 வரையும், ஆஸ்டினில் 10இலிருந்து 13 வரையும் ஏறியது. மழை ஏறினால் வெள்ள மட்டமும் ஏறும். ஒவ்வொரு ஓடைக்கும் ஃபெமா வந்து கணக்குப் போடும்வரை காத்திருந்தால் அதற்குள் பழைய வெள்ள எல்லைக் கோட்டை நம்பி வீடுகள் எழும்பிவிடும். ஊரே ஆய்வு செய்து அனுப்பலாம். ஃபெமா சரிபார்த்து ஏற்கும். ஆனால் அதில் உரிமம் பெற்ற பொறியாளரின் முத்திரை வேண்டும்.

ஓடைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிட ஹெச்இசி-ஹெச்எம்எஸ், அது எந்த மட்டம்வரை ஏறும் என்று கணக்கிட ஹெச்இசி-ராஸ்: இரண்டும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் மென்பொருள்கள். பணம் போவது அளவெடுப்புக்கும் அனுபவத்துக்கும்தான். விமானத்திலிருந்து லேசர் ஒளியால் எடுக்கும் சாதாரண லைடார் அளவீடு தண்ணீருக்கு அடியில் உள்ள தரையைக் காட்டாது. அதனால் சர்வேயர் ஓடைக்குள் இறங்கி, அளவுகோலை ஊன்றி, படுகையையும் பாலத்தின் திறப்பையும் அளக்க வேண்டும். இந்தச் செலவைக் குறைத்தால் மற்ற செலவெல்லாம் வீண்.

கேள்வி: எங்கே தவறு நடக்கும்?

பதில்: பெரும்பாலும் சிறுபாலங்களில். லைடார் சாலையின் மேற்பரப்பைத்தான் பார்க்கும். அடியில் இருக்கும் குழாயைக் கணினி மாதிரியில் சேர்க்காவிட்டால் சாலை அணையாகிவிடும். மேல்பக்கத்து வீடுகள் காகிதத்தில் மூழ்கும், கீழ்ப்பக்கத்து வீடுகள் தப்பித்ததுபோல் தெரியும்.

அடுத்தது மேனிங் எண், அதாவது தண்ணீரைத் தரை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. வழவழப்பான கான்கிரீட் கால்வாய்க்கு 0.015 அளவில் இருக்கும். அடர்ந்த புதருக்கு 0.1 அளவுக்குப் போகும். புதர் மண்டிய கரைக்குப் புல்தரையின் எண்ணைப் போட்டால் மட்டம் இறங்கிவிடும். களத்தில் எடுத்த புகைப்படம் இல்லாத எண்ணை ஏற்காதீர்கள்.

உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பதற்கான பழைய 1929 அடிப்படையையும் புதிய 1988 அடிப்படையையும் கலப்பதும் நடக்கிறது. வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். கொலராடோ போன்ற மலைப்பகுதிகளில் 3 அடியையும் தாண்டும். திருத்திய பகுதியின் இரு முனைகளிலும் புது மட்டம் பழைய மட்டத்தோடு அரை அடிக்குள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஆய்வு எல்லையை நீட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: புதுக் கோட்டுக்குள் எங்கள் வீடும் வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: வெள்ள மட்டம் மாறினால் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. “எங்கள் தெருவில் தண்ணீர் வந்ததே இல்லை” என்பது அங்கே எடுபடாது, அளவீடு வேண்டும். நகராட்சியிடம் ஹெச்இசி-ராஸ் கோப்புகளையே கேளுங்கள், வெறும் பிடிஎஃப் போதாது. உங்கள் வீட்டருகே உள்ள ஓடையின் குறுக்குவெட்டு என்றைக்கு அளந்தது என்று முதலில் பாருங்கள்.

வீட்டை ஒட்டிய இயற்கைத் தரையின் மிகத் தாழ்ந்த புள்ளி வெள்ள மட்டத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் வீடு வெள்ளப் பகுதியில் இல்லை என்று ஃபெமா தரும் ‘லோமா’ கடிதத்துக்கு விண்ணப்பியுங்கள். ஃபெமாவுக்குக் கட்டணம் இல்லை, சர்வேயர் கூலி மட்டும்தான். கடிதம் கிடைக்காவிட்டால், மத்திய அரசு ஆதரவுள்ள வீட்டுக் கடனுக்கு வெள்ளக் காப்பீடு கட்டாயம். வரைபடம் மாறிய 12 மாதத்துக்குள் பாலிசி எடுத்தால் தள்ளுபடி பிரீமியத்தில் தொடங்கலாம். தேதியைத் தவறவிடாதீர்கள்.