டிப் கழன்றால் தோலைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். வேலூரில் ஒரு ஸ்நூக்கர் கிளப்பில் ஆடுகிறேன், சொந்த ஸ்டிக். ஸ்டிக் முனையில் ஒட்டியிருக்கும் தோல் துண்டு, அதாவது டிப், மாதம் ஒருமுறையாவது கழன்று விழுகிறது. அங்கே டிப் போடுபவர், "சாதா டிப் நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது, 1,800 ரூபாய்க்கு ஜப்பான் லேயர் டிப் போட்டுக்கோ" என்கிறார். பக்கத்தில் ஆம்பூரில் இல்லாத தோலா? அதில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் என்ன?

பதில்: அந்த 1,800 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும். தோல் தேய்ந்தால் டிப் தட்டையாகும், ஓரம் பிதுங்கும், வழவழத்துப்போய் அடிக்கும்போது பந்தில் வழுக்கும், அதாவது மிஸ்க்யூ ஆகும். முழுசாகக் கழன்று விழுகிறது என்றால் பெரும்பாலும் ஒட்டியதில்தான் கோளாறு. அதே கை ஜப்பான் டிப்பை ஒட்டினாலும் அடுத்த மாதம் அதுவும் விழும்.

லேயர் டிப் என்பது மெல்லிய பன்றித்தோலை அடுக்கி ஒட்டி அழுத்தியது. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி இல்லாமல் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுகிற ஜப்பான் டிப்பை நம்பாதீர்கள். முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம். டிப்பை வெளியே வாங்குங்கள், ஒட்டுக்கூலியைத் தனியாகப் பேசுங்கள். டிப்பை விற்பவரே ஒட்டவும் செய்தால், அது கழன்று விழுவதில் அவருக்கு என்ன நஷ்டம்? மாதாமாதம் வியாபாரம். இதை ஒழுங்காகக் கற்ற ஆளை இந்தப் பக்கத்தில் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கிளப் நடத்துபவர்களோ டேபிள் வாடகையோடு சரி.

ஆம்பூர் யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் பலிக்காது. அங்கே பெரும்பாலும் செய்வது ஷூவின் மேல்பாகத்துக்கான தோல். மெல்லியது, வளையவேண்டும் என்பதற்காகவே எண்ணெய் ஊட்டியது. அந்த எண்ணெயில் பசை பிடிக்காது. டிப்புக்கு வேண்டியது அழுத்தி இறுக்கிய தடித்த தோல். உலகத்துக்கே தோல் அனுப்புகிற வட்டாரத்தில் ஒருவர்கூட இதைச் செய்து நான் பார்த்ததில்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.

சாதாரண ஒற்றைத்தோல் டிப் போதும். உங்கள் ஸ்டிக் முனை 9.5 மில்லிமீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் டிப் வாங்குங்கள். பூல் ஸ்டிக்குக்கான 12, 13 மில்லிமீட்டர் டிப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். ஸ்டிக் முனையில் மரத்தைச் சுற்றியிருக்கும் பித்தளைப் பூண்தான் ஃபெரூல்; அதன் மேல் இருக்கும் பழைய பசையை பிளேடால் முழுக்கச் சுரண்டுங்கள். கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்து டிப்பின் அடியைத் தட்டையாகத் தேயுங்கள். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக்கூடாது. ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு போதும். அழுத்திப் பிடித்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஒட்டிய பத்தாவது நிமிடம் ஆடக் கொடுப்பவர்களால்தான் பாதிப் பிரச்சினை.

இவ்வளவும் செய்து மறுபடி விழுந்தால் ஃபெரூலைச் சந்தேகப்படுங்கள். ஸ்டிக்கின் அடிப்பகுதியைத் தரையில் லேசாகத் தட்டிப் பாருங்கள், முனையில் கிரீச்சென்றோ கலகலவென்றோ சத்தம் வந்தால் பித்தளை மரத்தை விட்டிருக்கிறது. விரலால் திருகினால் அசைகிறதா பாருங்கள். அசையாவிட்டாலும் நிம்மதி இல்லை. மரம் வெயிலில் காய்ந்து சுருங்கினால் ஃபெரூல் தளரும், காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி இறுகும். அதனால் மே மாதத்தில் கேட்ட சத்தம் மழைக்காலத்தில் கேட்காமல் போகலாம், சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். அடிக்கிற ஒவ்வோர் அடியிலும் அது துளி ஆடும், மேலே எந்த டிப்பை ஒட்டினாலும் நிற்காது. இதற்கு ஃபெரூலைக் கழற்றி மறுபடி ஒட்டினால் போதும், மிஞ்சிப்போனால் புது ஃபெரூல். "முனை போச்சு, ஸ்டிக்கையே மாத்தணும்" என்று உடனே வேறு ஸ்டிக்கை எடுத்துக் காட்டினால் அங்கே கமிஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் பற்றி அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஸ்டிக்கை விடாதீர்கள். பசையும் கெடும், மரமும் வளையும்.

காய்ந்த பிறகு ஓரத்தைச் சீவி, மேலே குமிழாக அரம் போடுங்கள். 2011க்குப் பின் வந்த சின்ன ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பை அளவாக வைத்துக்கொண்டால் வளைவு சரியாக வரும்.