மா ஒட்டுக்கன்றுகள் வறட்சியில் வாடினால் பிழைக்குமா?

கிருஷ்ணகிரிப் பக்கம் ஆடியில் நட்ட மா ஒட்டுக்கன்றுகள் சித்திரை வெயிலில் இலை சுருண்டு நிற்கின்றன, தண்ணீர் விட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடியற்காலையில் போய்ப் பாருங்கள். நண்பகலில் வாடிய இலை காலையில் நிமிர்ந்திருந்தால் பெரிய பயமில்லை. காலையிலும் தொங்கினால் வேர்ப்பகுதியில் ஈரமே இல்லை என்று பொருள்.

முதலாண்டுக் கன்றின் வேர் பெரும்பாலும் நாற்றுப்பை மண்ணைவிட்டு அதிகம் வெளியேறியிருக்காது. சுற்றியுள்ள நிலத்தில் ஈரம் இருந்தாலும் அதற்கு எட்டாது. நீர் குறைந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும்; நீரிழப்பு குறையும், ஆனால் கரிக்காற்று (கார்பன் டை ஆக்சைடு) உள்ளே வராததால் உணவுத் தயாரிப்பும் நின்றுபோகும். புதுத்தளிர் வராது, நுனி கருகும், பட்டை வெந்து வெடிக்கும். வேர் வளர்ச்சியும் தடைப்படுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. அதன் விளைவு அடுத்த கோடையிலும் தெரியும்.

தினமும் ஒரு குடம் ஊற்றுவது பலரும் செய்வது. அது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடுகிறது. சில நாள் இடைவெளி விட்டு, ஒன்றரை அடி ஆழம் நனையும்படி மெதுவாகப் பாய்ச்சுங்கள். பாத்தியில் காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை மட்டும் தொடாமல். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்று மறைப்பு கட்டுங்கள். பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். யூரியாவைத் தொடவே வேண்டாம், உலர்ந்த மண்ணில் உரத்தின் உப்பு வேரை மேலும் வாட்டும்.

கருகிய கிளையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, வெட்டாதீர்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே துளிர்ப்பது அடிக்கன்றின் துளிர், நீங்கள் வாங்கிய ரகமல்ல. அதை உடனே அகற்றுங்கள்.