சிறப்புப் பள்ளி மாணவனை மளிகைக் கடையில் பயிற்சிக்கு எடுக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அறிவுசார் குறைபாடுள்ள 19 வயதுப் பையனை வாரத்தில் மூன்று நாள், காலையில் மட்டும், பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று சிறப்புப் பள்ளியில் கேட்கிறார்கள். என்ன வேலை கொடுப்பது? தொந்தரவாகுமா?

பதில்: நான் சிறப்பாசிரியர். இப்படிக் கடை கடையாக ஏறிக் கேட்கிற ஆளே நான்தான் என்பதால் என் பதில் ஒருபக்கமாகத்தான் இருக்கும். எடுங்கள் அண்ணாச்சி. ஆனால் "வரட்டும், ஏதாவது கொடுப்போம்" என்று மட்டும் எடுக்காதீர்கள். அந்த 'ஏதாவது' ஸ்டூலில் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுப்பதில்தான் முடியும்.

கடையில் தினமும் நடந்தே ஆகவேண்டிய வேலை ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பருப்பு, சீரகம் பொட்டலம் போடுவது நல்ல தேர்வு. நமக்கு அது ஒரே வேலை. அவனுக்குக் கவரை எடுப்பது, வாயைப் பிரிப்பது, தராசில் வைப்பது, அள்ளிப் போடுவது, அளவு வந்ததும் நிறுத்துவது, ஒட்டுவது, அடுக்குவது என்று ஏழு வேலை. இதில் எது வரவில்லை என்று பார்த்து அதை மட்டும் பழக்குவதுதான் எங்கள் தொழில். அநேகமாக இடிக்கிற இடம் நிறுவைதான். எண் படிக்கத் தெரியாதவனுக்கு 0.250 என்று அட்டையில் எழுதித் தராசின் திரைக்கு மேலே ஒட்டிவிடுவோம். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். சிலர் 0.248-இல் விடமாட்டார்கள். ஒவ்வொரு பருப்பாகப் போட்டு 250 வந்த பிறகே கையை எடுப்பார்கள், அதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய தட்டுத் தராசும் கால் கிலோ படிக்கல்லும் தேவலை.

சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். "அதை அங்கே வச்சுட்டு இதை எடுத்துட்டு வா" என்று கடையில் சர்வசாதாரணமாகச் சொல்வோம். எதை, எங்கே, எதை என்று மூன்றும் அவனுக்குப் புரியாது. "உளுந்து மூட்டையைப் பிரி" என்று சொல்லி, அது முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லவேண்டும். முதல் சில நாள் பள்ளியிலிருந்து ஒருவர் கூடவே நிற்பார், அப்புறம் மெல்ல விலகிக்கொள்வார். வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் முதலிலேயே அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வலிப்பு உள்ளவனை ஏணியில் ஏற்றாதீர்கள்.

உண்மையான தொந்தரவு பையனால் வருவதில்லை என்பேன். கூட வேலை செய்கிறவர்கள் 19 வயது ஆளைப் "பாப்பா" என்பார்கள். சரக்கு வாங்க வந்தவர் அவன் காதுபடவே "இவனுக்கு என்ன குறை?" என்பார். அந்த நேரத்தில் கல்லாவிலிருந்து "புது ஆள், பழகுறான்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு நின்றுவிடும்.

சட்டக் கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 4 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலைகளுக்குத்தான். அதில் அறிவுசார் குறைபாட்டுக்கும் இடம் உண்டு, ஆனால் தேர்வும் கல்வித் தகுதியும் கேட்கிற அந்த வேலைகளுக்கு எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் போகமுடியாது. பக்கத்துக் கடைக்குத்தான் போகமுடியும். அதனால்தான் உங்கள் வாசலில் வந்து நிற்கிறோம்.

பணம் விஷயத்தில் நான் கறார். எத்தனை மாதம் பயிற்சி, அதுவரை கைச்செலவுக்கு என்ன, முடிந்தபின் என்ன என்று பள்ளியோடு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற பையன் போடுகிற அளவு பொட்டலம் இவனும் போட ஆரம்பித்த பிறகும் 'பயிற்சி' என்றே ஓட்டினால் அது இனாம் வேலை. கொடுப்பதை அப்பா கையில் கொடுக்காமல் அவன் கையிலேயே கொடுங்கள்.

மாத முதல் வாரத்தில் மட்டும் ஆரம்பிக்கவேண்டாம், சம்பளக் கூட்டம் நெரியும். 15 தேதிக்கு மேல், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் வரச்சொல்லுங்கள்.