12 அடித்தால் 1.2 வருகிறது, கால்குலேட்டர் பழுதா?

கேள்வி: பழைய பொருள் கடையில் ஒரு சின்கிளேர் சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினேன். 12 என்று அடித்தால் 1.2 காட்டுகிறது. சமக்குறி பொத்தானே இல்லை. சைன் கேட்டால் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது, விடையும் போன் தருவதிலிருந்து கொஞ்சம் விலகுகிறது. சரிசெய்ய முடியுமா?

பதில்: சரிசெய்ய எதுவும் இல்லை, அது அப்படித்தான் செய்யப்பட்டது.

இதில் புள்ளிக்குப் பொத்தான் கிடையாது. முதல் இலக்கத்துக்குப் பின் புள்ளி தானாக விழும். 12 வேண்டுமானால் 1, 2 அடித்து, ஈ (E, பத்தின் அடுக்குக்கான பொத்தான்) அழுத்தி, 1 போடுங்கள். எண்ணுக்குப் பிறகுதான் குறி வரும்: 2, +, 3, + என்று அழுத்தினால் 5 கிடைக்கும். கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற அலகில்தான் கொடுக்க வேண்டும்.

ஏன் இத்தனை கஞ்சத்தனம்? 1972இல் வந்த எச்பி-35 என்ற சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஐந்து சிப்புகளுடன் 395 டாலருக்கு விற்றது. 1974இல் இங்கிலாந்தின் கிளைவ் சின்கிளேர் 49.95 பவுண்டுக்கு ஒன்றைத் தர நினைத்தார். அவர் எடுத்தது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கென்றே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் செய்த ஒரே ஒரு சிப். அதில் 320 கட்டளைகளுக்குத்தான் இடம். அதற்குள் சைனையும் லாகரிதத்தையும் நுழைத்தவர் சின்கிளேரிடம் வேலை பார்த்த நைஜல் சியர்ல். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. பை போன்ற மாறிலிகளுக்குச் சிப்பில் இடமில்லாததால் அவற்றைக் கால்குலேட்டரின் மேற்புறத்திலேயே அச்சடித்துவிட்டார்கள், பார்த்திருப்பீர்கள்.

சைனுக்குச் சியர்ல் கண்ட வழி எளிது. ஒரு கோட்டை 0.001 ரேடியன், 0.001 ரேடியனாகக் கேட்ட கோணம் வரை திருப்பிக்கொண்டே போவது. 1 ரேடியனுக்கு ஆயிரம் சுற்று! ஒவ்வொரு சுற்றிலும் துளித்துளியாகப் பிழை சேரும், அதனால் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் நம்புங்கள். கட்டுமானக் கணக்குக்கோ பரீட்சைக்கோ இது வேண்டாம்.

நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதலில் 0.1, பிறகு 1 ரேடியனுக்குச் சைன் கேளுங்கள். இரண்டாவதற்கு நன்றாகவே கூடுதல் நேரம் பிடித்தால் சிப் ஒழுங்காக வேலை செய்கிறது.

அப்புறம், பேட்டரி. ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரி நான்கு வேண்டும். தகடுகளில் வெள்ளைப் பூஞ்சை மாதிரிப் படிந்திருந்தால், வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.