லிஃப்டில் கயிறு அல்ல, கதவுதான் ஆபத்து

கேள்வி: எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் சில நாட்களாகத் தளத்துக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கிறது. போன வாரம் மாமியார் பாதி வழியில் கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். கயிறு அறுந்துவிடுமா? உள்ளே மூச்சு முட்டாதா?

பதில்: கயிற்றைப் பற்றிய பயத்தை விடுங்கள். மோட்டாரும் கயிறும் இழுக்கும் லிஃப்டில் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு எஃகுக் கயிறுகள் இருக்கும். அவை தாங்கக்கூடியது உண்மைச் சுமையைப் போலப் பல மடங்கு. அப்படியும் பெட்டி மிதமிஞ்சிய வேகத்தில் இறங்கினால், கவர்னர் என்ற வேகக் காவல் கருவி பெட்டியிலுள்ள ஆப்புகளை இழுத்துத் தண்டவாளத்தோடு இறுக்கி நிறுத்திவிடும். கரண்ட் போனாலும் விழாது. பிரேக்கை விலக்கி வைத்திருப்பதே மின்சாரம்தான். அது நின்றதும் ஸ்பிரிங் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

எனக்குக் கவலை அந்த இரண்டு விரற்கடைதான். சரியாக இருக்கும் லிஃப்ட் 10 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். வயதானவர்கள் தடுக்கி விழ அந்தப் படி போதும். காரணம், பெட்டி தளத்துக்கு வந்ததை அறியும் தள உணரியாக இருக்கலாம். பிரேக் லைனிங் தேய்ந்தும் இருக்கலாம். பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, காலிப் பெட்டியின் எடையோடு கொள்ளளவில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்தது. ஒருவர் இருவர் மட்டும் இருக்கும் பெட்டியை அது மேலே இழுக்கும். கதவு திறந்திருக்கும்போது அப்படி நகர்ந்தால், வாசலில் கால் வைத்தவர் நசுங்குவார். மெக்கானிக் வந்து பிரேக்கைப் பார்க்கும்வரை லிஃப்டை நிறுத்தி வையுங்கள்.

மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டாது, பெட்டியில் காற்றுத் துளைகள் உண்டு. அலாரத்தை அழுத்திவிட்டுக் கதவை விட்டுத் தள்ளி உட்காருங்கள். கதவை நெம்பிக் குதிக்கவே கூடாது. பெட்டியின் தரை வெளித்தளத்துக்கு இடுப்பளவு மேலே நிற்கிறது என்று வையுங்கள். அந்தத் தரைக்கும் தளத்துக்கும் நடுவே திறந்த இடைவெளி, அதற்குப் பின்னால் குழி. குதிப்பவர் தளத்தில் கால் ஊன்றி, பின்பக்கம் சற்றே சாய்ந்தாலும் அதற்குள் போய்விடுவார். பயிற்சி பெற்றவர் மெயின் ஸ்விட்சை அணைத்து, பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். வெளிக்கதவின் சாவி வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது.

வெளிக்கதவு திறந்ததும் உள்ளே பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். நாயின் கயிறு, துப்பட்டா நுனி போன்ற மெல்லியவை கதவு உணரியின் கண்ணுக்குத் தப்பலாம், கையில் சுருட்டிக்கொள்ளுங்கள். மெக்கானிக் வரும்போது இன்னொன்றும் சொல்லுங்கள்: ஒவ்வொரு தளத்திலும் வெளிக்கதவின் பூட்டைச் சோதிக்கட்டும். பெட்டி இல்லாத தளத்தில் கதவு திறந்தாலோ, கதவு திறந்திருக்க லிஃப்ட் ஓடினாலோ, அதைச் சரிசெய்யாமல் ஓட்ட அனுமதிக்காதீர்கள்.