மலைகிட்ட பர்மிஷன் கேட்டீங்களா? - இந்தோனேசியா எரிமலை கேள்வி பதில்

கேள்வி: நானும் மனைவியும் முதல் தடவையா பாலி போறோம். ஒரு எரிமலையாவது ஏறிடணும்னு அவங்களுக்கு ஆசை, ஆனா ரெண்டு பேருக்கும் மலை ஏறி பழக்கமே இல்ல. எதுக்குப் போகலாம்?

பதில்: பத்தூர். 1717 மீட்டர்தான். விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா ரெண்டு மணி நேரத்துல மேல போய் சன்ரைஸ் பார்த்துடலாம், அங்க பாறை இடுக்குல வர்ற ஆவியிலயே கைடுங்க முட்டை வேக வெச்சுத் தருவாங்க, சாப்பிட்டே ஆகணும். இறங்கும்போது சரளைக்கல்லு வழுக்கும், அதனால சாதா செருப்பு வேணாம். எதிர்ல நிக்கிற ஆகுங்கைப் பார்த்து (3142 மீட்டர்) "அதுலயும் ஏறலாமே"ன்னு யாராச்சும் ஆசை காட்டினா முதல் ட்ரிப்புல தலையாட்டிடாதீங்க. 1963ல வெடிச்சு ஆயிரம் பேருக்கு மேல பலி வாங்கின மலை அது. 2017லயும் சாம்பலைக் கக்கி பாலி ஏர்போர்ட்டையே மூட வெச்சுது.

கேள்வி: ஈஜென் மலையில நீலக் கலர் லாவா ஓடுதுன்னு வீடியோ பார்த்தேன். நிஜமா, எடிட்டிங்கா?

பதில்: எடிட்டிங் இல்ல, ஆனா லாவாவும் இல்ல! பாறை வெடிப்புல இருந்து கந்தக வாயு பயங்கர சூட்டோட வெளிய வருது, காத்து பட்டதும் பத்திக்குது, கந்தகம் எரிஞ்சா நீலமாத்தான் எரியும், அதுல கொஞ்சம் திரவமாகி சரிவுல எரிஞ்சுக்கிட்டே இறங்குறதால நமக்கு லாவா ஓடுற மாதிரி தெரியுது. இருட்டுல மட்டும்தான் தெரியும், அதான் எல்லாரும் நடுராத்திரி நடக்குறாங்க. கேஸ் மாஸ்க் கண்டிப்பா வேணும், ஈரத்துணி கட்டிக்கிட்டு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, ஆஸ்துமா இருந்தா எரிமலைக் குழிக்குள்ள இறங்கவே இறங்காதீங்க. கீழ பச்சையா அழகா ஒரு ஏரி இருக்கும், அது முழுக்க ஆசிட்.

அங்க ஒண்ணு சொல்லணும். நாம போட்டோவுக்கு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும்போது பக்கத்துலயே 70, 80 கிலோ கந்தகக் கட்டியைத் தோள்ல சுமந்துக்கிட்டு தொழிலாளிங்க ஏறி வருவாங்க. ஒதுங்கி வழி விடுங்க, அவங்களை வெச்சு செல்ஃபி எடுக்குறது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: பூமத்திய ரேகை நாடுதானே, ஜாக்கெட் எதுக்கு?

பதில்: நானும் இப்படித்தான் கேட்டேன், ஜாவாவுல ப்ரோமோ எரிமலை பக்கத்துல விடியக்காலை பல்லு தந்தியடிச்சப்பதான் பதில் கிடைச்சுது. ஆயிரம் மீட்டர் ஏறினா தோராயமா 6 டிகிரி குறையும். கணக்கு போட்டுக்கோங்க.

கேள்வி: நாங்க ஏறப்போற எரிமலை "லெவல் 2"ன்னு போட்டிருக்கு. ஏஜென்ட் "அதெல்லாம் சும்மா சார், டெய்லி ஆளுங்க போறாங்க"ங்கறார். நம்பலாமா?

பதில்: ஏஜென்டை விட்டுட்டு மலையைக் கேளுங்க. அந்த ஊர்ல எரிமலைங்களைக் கண்காணிக்கவே ஒரு அரசு அமைப்பு இருக்கு, பிவிஎம்பிஜின்னு பேரு. அவங்க நாலு லெவல் வெச்சிருக்காங்க: நார்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். ரெண்டாவதான வாஸ்பாடான்னா உஷாரா இருன்னு அர்த்தம். நம்பரை மட்டும் பார்த்துட்டு விட்டுடக் கூடாது, அதோட "எரிமலை வாயில இருந்து இத்தனை கிலோமீட்டருக்குள்ள வராதே"ன்னும் சொல்லியிருப்பாங்க, உண்மையில படிக்க வேண்டியது அதைத்தான்.

மேற்கு சுமத்ராவுல மராபின்னு ஒரு மலை (ஜாவாவுல இருக்கறது மெராபி, ரெண்டையும் குழப்பிக்காதீங்க, ரெண்டுமே ஆபத்துதான்). 2011ல இருந்தே லெவல் 2, மூணு கிலோமீட்டருக்குள்ள போகாதேன்னு எச்சரிக்கை. ஆனாலும் ஆளுங்க ஏறிக்கிட்டேதான் இருந்தாங்க, ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னு பழகிப்போச்சு. 2023 டிசம்பர் 3ஆம் தேதி திடீர்னு வெடிச்சுது. அன்னிக்கு மலையில 75 பேர் இருந்தாங்க, 24 பேர் செத்துட்டாங்க. உங்க ஏஜென்ட் சொல்ற "டெய்லி ஆளுங்க போறாங்க" அங்கயும் உண்மையாத்தான் இருந்துச்சு.

கேள்வி: தினமும் 5 கிலோமீட்டர் ஓடுறேன். ரிஞ்சானி உச்சி முடியுமா?

பதில்: ஓடுறது உதவும், ஆனா லொம்போக் தீவுல இருக்கற இந்த ரிஞ்சானி எரிமலை வேற மாதிரி. 3726 மீட்டர், ரெண்டு மூணு நாள் ட்ரெக். செம்பாலுன் கிராமத்துப் பக்கம் ஏறி முதல் ராத்திரி எரிமலைக் குழியோட விளிம்புல டென்ட், அங்கிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டுடுவாங்க, இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும். அந்தக் கடைசி சரிவு முழுக்க எரிமலை மணலும் சரளையும், ரெண்டு அடி வெச்சா ஒரு அடி பின்னாடி சறுக்கும், பாதிப் பேருக்கு அங்கதான் மனசு விட்டுப்போகும். இப்பவே மாடிப்படியில பையோட ஏறி இறங்கிப் பழகுங்க. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் மழைக்காகப் பாதையையே மூடிடுவாங்க, அதனால ஜூன், ஜூலை மாதிரி பாருங்க.

உச்சிக்குப் போக முடியலன்னாலும் விளிம்புலயே உக்காந்து கீழ செகாரா அனாக் ஏரியைப் பாருங்க. 1257ல ஒரு பெரிய மலையே வெடிச்சு உள்வாங்கின குழி அது, ஏரிக்கு நடுவுல குட்டியா புதுசா ஒரு எரிமலை வளர்ந்துக்கிட்டு இருக்கு. உங்க மூட்டையையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்த போர்ட்டர் அதுக்குள்ள ரப்பர் செருப்போட வந்து அடுப்பு மூட்டி டீ போட்டிருப்பார், வாங்கிக் குடிங்க.